ஒன்பதாம் பக்கம்

சுடலைமணிக்குக் கண் போனதற்குச் சுடலைமணியே காரணம் என்று தூத்துக்குடி மீன் ஏற்றுமதி ஆலை எழுதியிருந்த கடிதத்தில் பபியோலாவின் பெயர் மூன்று இடத்தில் வந்திருந்தது. பாடத்தை எழுதியவர் பபியோலா. பாடத்தை வடிவமைத்தவர் பபியோலா. பாடம் முழுமையாக இருந்ததென்று விசாரணையில் சாட்சி சொல்லப்போகிறவரும் பபியோலா. மூன்றாவதைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மேற்படி தொழிலாளி, அம்மோனியா கசிவுப் பாதுகாப்புப் பாடத்தை நூறு சதவீதம் முடித்திருந்தும், அதன் ஒன்பதாம் பக்கத்தில் உள்ள அறிவுறுத்தலை மீறி நடந்து தனக்கும் ஆலைக்கும் சேதம் விளைவித்தார்" என்றது கடிதம். அதனால் விசாரணை முடிந்ததும் அவரை வேலையிலிருந்து நீக்கப்போகிறார்களாம். அவருடைய கவனக்குறைவு என்பதால் நஷ்டஈடும் கிடையாதாம். மனிதருக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு கண்ணும் வெந்து போய் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கு இப்படி ஒரு கடிதத்தை எழுத எத்தனை பேர் கூடி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னையில் இணையப் பாடங்கள் கட்டித்தரும் கம்பெனி ஒன்றில் அவள் ஏழு வருடமாக இருக்கிறாள். வங்கிக்காரர்களுக்கு மோசடியைக் கண்டுபிடிக்கும் பாடம், ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குக் கை கழுவும் பாடம், லாரி டிரைவர்களுக்குத் தூக்கத்தைப் பற்றிய பாடம் என்று எது கேட்டாலும் பதினைந்து நாளில் கட்டிக் கொடுத்துவிடுவாள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்காக அவள் எழுதி வைத்த குறிப்புகளை மற்ற கம்பெனிக்காரர்களும் கூச்சமில்லாமல் சுட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பக்கத்தில் ஒரு கருத்துக்கு மேல் வைக்காதே. திரையில் இருப்பதையே குரலிலும் வாசித்து உயிரை எடுக்காதே. கேள்விகளைக் கடைசியில் மூட்டை கட்டி வைக்காமல் அந்தந்தப் பக்கத்திலேயே கேள். படிக்கிறவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே இரண்டு நிமிடம் நின்று என்னவென்று பார். எல்லாம் நல்ல குறிப்புகள்தான், இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு செதுக்கி வந்தது. அதுவும் பாடம் கட்டும் மென்பொருள்தான். ஆனால் பழைய மென்பொருளில் கட்டிய பாடம் அச்சடித்த புத்தகம் மாதிரி, கொடுத்தது கொடுத்தபடி கிடக்கும். செதுக்கியில் கட்டிய பாடம் சும்மா கிடக்காது. படிக்கிறவரின் விரலைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எத்தனை விநாடியில் பதில் வருகிறது, பதில் சரியா, பின்னால் திரும்பிப் போகிறாரா என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று அதற்குப் பட்டால், அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டு அடுத்த ஆளுக்குச் சுருக்கமான பாடத்தைக் கொடுக்கும். அதற்கு 'தானே செதுக்கு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டிவிட்டால் போதும், பத்தில் நாலு பேர் முடித்த பாடத்தைப் பத்தில் ஒன்பது பேர் முடித்தார்கள். வாடிக்கையாளர்கள் குளிர்ந்து போனார்கள். கம்பெனி பபியோலாவுக்கு ஒரு கேடயம் கொடுத்தது.

கடிதத்தைப் படித்த கையோடு அவள் மூலப் பாடத்தைத் திறந்து பார்த்தாள். ஒன்பதாம் பக்கம் பத்திரமாக இருந்தது. அப்பாடா என்று ஒரு நிமிடம் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அதன்பின் சுடலைமணியின் பணியாளர் எண்ணைப் போட்டு, டேப்லெட்டில் அவருக்கு ஓடிய பாடத்தைத் திறந்தாள்.

எட்டாம் பக்கம் இருந்தது. குளிர் அறைக் குழாய்களில் ஓடும் அம்மோனியா வாயுவாகக் கசிந்து பரவினால் அதன் மேல் தண்ணீரைத் தூவுங்கள், தண்ணீர் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்று சொன்னது. அதற்கு அடுத்து வர வேண்டிய ஒன்பதாம் பக்கம் இல்லை. அம்மோனியா திரவமாகத் தரையில் தேங்கியிருந்தால் அதன் மேல் தண்ணீர் படவே கூடாது, பட்டால் கொதித்துக் கிளம்பி முகத்தில் அடிக்கும் என்று சொல்கிற பக்கம் அது. பத்தாம் பக்கம் ஒரு படி மேலேறி ஒன்பதாக உட்கார்ந்திருந்தது. "முகமூடியைச் சரியாக அணிந்து, முந்தைய பக்கத்தில் கண்ட விதிவிலக்கை மறக்காமல், தண்ணீர்க் குழாயை எடுங்கள்" என்றது அது. முந்தைய பக்கத்தில் விதிவிலக்கு எதுவும் இல்லை. சுடலைமணி மூக்கை மட்டும் மூடும் முகமூடியைப் போட்டுக்கொண்டு, தரையில் தேங்கிக் கிடந்த அம்மோனியா மேல் குழாயைத் திருப்பியிருக்கிறார்.

ஆலையின் பொறியாளர் முதன்முதலில் அனுப்பிய குறிப்பில் இரண்டும் ஒரே வாக்கியம். தண்ணீர் தூவுங்கள், ஆனால் தேங்கியிருந்தால் கூடாது என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு கருத்து என்று அதை இரண்டாக வெட்டியவள் பபியோலா. வெட்டி வைத்திருந்ததால்தான் செதுக்கிக்கு ஒரு பாதியை மட்டும் தூக்க வசதியாக இருந்தது. அவளுக்கு அவள் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

தயாளன் அவளுடைய மேலாளர். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மூல ஃபைல்ல ஒன்பதாம் பக்கம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன? அதை மட்டும் சொல்லிட்டு வாங்க. நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லலையே."

"அந்த ஆளுக்குக் காட்டவே இல்லையே சார்."

"அதைக் கேட்டாங்கன்னா சொல்லுங்க. கேட்க மாட்டாங்க."

"செதுக்கி ஏன் அந்தப் பக்கத்தை எடுத்துச்சு?"

"நானும் பார்த்தேன். அவருக்கு முன்னாடி படிச்ச முப்பத்தொன்பது பேரும் அந்தக் கேள்விக்கு ரெண்டு விநாடில சரியாப் பதில் சொல்லியிருக்காங்க. எல்லாருக்கும் தெரிஞ்சதைத் திரும்பத் திரும்ப எதுக்குக் காட்டணும்? அது அதோட வேலையைச் செஞ்சிருக்கு."

"முப்பத்தொன்பது பேரும் ரெண்டு விநாடியா? ஒருத்தர்கூடத் தப்பாச் சொல்லலையா? நானும் நீங்களும் பரீட்சை எழுதினா அப்படி வருமா சார்?"

தயாளன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "பபியோலா, அந்தப் பொத்தானைத் தட்டினது நான் இல்ல. பதிவுல உங்க பேர்தான் இருக்கு. யோசிச்சு வாயைத் திறங்க, அவ்வளவுதான்."

மிரட்டலை இவ்வளவு நாசூக்காகவும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுடலைமணியின் பதிவை முழுசாக இறக்கிப் பார்த்தாள். இருபது நிமிடப் பாடத்துக்கு அந்த மனிதர் ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்திருந்தார். எட்டாம் பக்கம், ஒன்பதாம் பக்கம், மறுபடி எட்டு, மறுபடி ஒன்பது. இப்படிப் பதினொரு தடவை முன்னும் பின்னும் போய் வந்திருந்தார். அதன் ஓரத்தில் செதுக்கி தன் கருத்தையும் போட்டிருந்தது. "கற்கும் வேகம் குறைவு. இவருக்கு இன்னும் எளிய வடிவம் பரிந்துரைக்கப்படுகிறது."

அதைப் படித்ததும் அவள் லேப்டாப்பை அறைந்து மூடிய சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தான் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின நாளே அவள் தூத்துக்குடி போய்விட்டாள். அவள் பிறந்த ஊர்தான். ஆனாலும் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆலைக்குப் போனாள். ஷிஃப்ட் பொறுப்பாளர் ஆல்வின் அவளைக் கேன்டீனில் உட்கார வைத்து டீ சொன்னான். முப்பது வயதிருக்கும். முகத்தில் சவரம் செய்யாத களைப்பு தெரிந்தது. முப்பத்தொன்பது பேரும் எப்படி இரண்டு விநாடியில் பதில் சொன்னார்கள் என்று அவள் கேட்டதும் அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"அவங்க எங்க மேடம் சொன்னாங்க? நான் சொன்னேன்."

"என்னது?"

"மீன் உரிக்கிற இடத்துலருந்து குளிர் ரூம் வரைக்கும் என் ஷிஃப்ட்டுல நாப்பது பேரு. டேப்லெட்டு ஒண்ணே ஒண்ணு. டீ டயம் பதினஞ்சு நிமிஷம். வேலை நேரத்துல படிக்க விட மாட்டாங்க. ஹெட் ஆபீஸ்லருந்து தினம் மெயிலு, எத்தனை பேரு முடிச்சாச்சு, எத்தனை பேரு முடிச்சாச்சுன்னு. ஒவ்வொருத்தர் நம்பராப் போட்டு நானே அமுக்கி முடிச்சுட்டேன். எல்லாக் கம்பெனியிலயும் இதுதான் மேடம் நடக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. ஏழு வருடம் பாடம் கட்டியவளுக்கு, பாடத்தை யார் படிக்கிறார்கள் என்று ஒரு ஆலையிலும் போய்ப் பார்க்கத் தோன்றியதில்லை. விரல் ஒன்றுதான், பேர் முப்பத்தொன்பது. அதைப் பார்த்து செதுக்கி ஊருக்கே தெரியும் என்று முடிவு கட்டிவிட்டது.

"சுடலைமணி அண்ணாச்சிக்கும் நீங்கதான் அமுக்குனீங்களா?"

"இல்ல மேடம். அவரு மட்டும் விடல. 'எம் பேருல சர்டிபிகேட் வந்தா நான்தான் படிக்கணும் தம்பி'ன்னு பிடிவாதம். எல்லாருக்கும் முடிச்சுட்டுக் கடைசியா அவருட்ட கொடுத்தேன். ரெண்டு நாளு டீயும் குடிக்கல, சாப்பாட்டு நேரத்துலயும் அதை வச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. 'தம்பி, விதிவிலக்குன்னு ஒண்ணு போட்டிருக்கு, அது எதுல இருக்கு'ன்னு எங்கிட்ட வந்து கேட்டாரு." ஆல்வின் உதட்டைக் கடித்துக்கொண்டான். "எல்லாம் அதுலயே இருக்கு, அமுக்கிட்டுப் போங்கண்ணாச்சின்னு சொல்லிட்டேன்."

"அந்த விதிவிலக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன மேடம்? முப்பத்தொம்பது தடவை நான்தான அமுக்குனேன்."

அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் ஒரு டேப்லெட்டையும் பதினைந்து நிமிடத்தையும் கொடுத்து நாற்பது பேரைப் படிக்க வைக்கச் சொன்னவன் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கும்போது, இவனை மட்டும் அடித்து என்ன புண்ணியம்? நாளைக்கு இதை உள்ளே வந்து சொல்வாயா என்று கேட்டாள். ஆல்வின் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளை இப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறது என்றான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. டீயையும் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆலையின் கூட்ட அறையில் இரண்டாம் நாள் விசாரணை. நிர்வாகம் அமர்த்திய விசாரணை அதிகாரி வேதமாணிக்கம் என்ற ஓய்வுபெற்ற மாஜிஸ்திரேட். பக்கத்தில் நிர்வாகத்தின் வக்கீல். சாட்சிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். சுடலைமணியின் முறை முந்தின நாளே முடிந்துவிட்டது. கண்ணில் கட்டோடு அவரும் அவர் மனைவியும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் அவள் உள்ளே போனாள்.

"நீங்கள் எழுதிய பாடத்தில் ஒன்பதாம் பக்கம் உண்டா?" வக்கீல் கேட்டார்.

"உண்டு. ஆனா..."

"உண்டு, இல்லை என்று சொன்னால் போதும்."

"போதாது சார்" என்றாள் பபியோலா. அதன் பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. எட்டையும் ஒன்பதையும் தான் வெட்டியதைச் சொன்னாள். பொத்தானைத் தட்டியதைச் சொன்னாள். பெயரைச் சொல்லாமல், ஒரே விரல் முப்பத்தொன்பது பேருக்காக அமுக்கியதைச் சொன்னாள். மீதி ஒரு ஆள் பதினொரு தடவை முன்னும் பின்னும் போனதைப் பதிவைக் காட்டிச் சொன்னாள். "தண்ணி தூவுன்னு சொன்னது என் பாடம். அவர் தூவினார். பாடத்தை மீறினது அவர் இல்ல, அப்படியே கேட்டு நடந்ததுதான் அவர் செஞ்ச தப்பு!" என்று மேஜையைத் தட்டினாள். இருபது நிமிடம் பேசியிருப்பாள். யாரும் குறுக்கே வரவில்லை. வேதமாணிக்கம் இரண்டு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு நெஞ்சு லேசானது.

வாக்குமூலம் அச்சாகி வந்தது. ஒரே தாள். அதில் இரண்டு வரி.

"பாடத்தில் ஒன்பதாம் பக்கம் உண்டு என்பதைச் சாட்சி உறுதி செய்தார். அப்பாடத்தைத் தாமே எழுதியதாகவும் ஒப்புக்கொண்டார்."

"மத்ததெல்லாம் எங்க ஐயா?"

"விசாரணைக் குறிப்பு எடுக்கிறது இப்ப மென்பொருள்தாம்மா. உங்க செதுக்கி கம்பெனியோடதுதான்" என்றார் வேதமாணிக்கம். "கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாததை அதுவே தள்ளிரும். முழுப் பேச்சும் ஒலிப்பதிவுல இருக்கும், பயப்படாதீங்க."

"அதை யார் கேட்பா?"

வேதமாணிக்கம் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார்.

"ஐயா, நான் சொன்னதை இப்பத்தானே நீங்க உங்க காதால கேட்டீங்க?"

"கேட்டேன். ஆனா நான் கேட்டதை வச்சு அறிக்கை எழுத முடியாதும்மா. தாள்ல என்ன இருக்கோ அதை வச்சுத்தான் எழுதணும்."

ஒரு மனிதரின் கண்ணை எடுத்த அதே வேலையை இந்த அறையில், பட்டப்பகலில், படித்தவர்கள் மத்தியில் வைத்து மறுபடியும் செய்திருக்கிறார்கள். 'தண்ணீர் தூவு' என்பதை வைத்துக்கொண்டு 'ஆனால்' என்பதைத் தள்ளிவிட்டார்கள். பபியோலா கையெழுத்துக்காக நீட்டிய பேனாவை வாங்கினாள். தாளைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"இதுல என் கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா நீங்க வாங்கிக்கணுமா, வேண்டாமா?"

வேதமாணிக்கம் வக்கீலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "வாங்கிக்கணும். சாட்சியே கைப்பட எழுதித் தந்தா அதை விட முடியாது."

"மேடம், நீங்க எழுதுற ஒவ்வொரு வரியும் உங்க தலையிலதான் விடியும்" என்றார் வக்கீல்.

"விடியட்டும்."

அடுத்த சாட்சிக்கு அறை வேண்டுமென்றார்கள். அவள் இன்னும் நாலு வெள்ளைத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். வேறு நாற்காலி இல்லை. பெஞ்சில் சுடலைமணியின் மனைவி பேச்சியம்மாள் சற்று நகர்ந்து இடம் விட்டாள். பபியோலா தாளை மடியில் வைத்து எழுதத் தொடங்கினாள். அம்மோனியா பாதுகாப்புப் பாடத்தை எழுதியது நான். 'தானே செதுக்கு' என்ற பொத்தானை அழுத்தியது நான். இனி அந்தக் கம்பெனியில் அவளுக்கு வேலை இருக்காது, வேறு கம்பெனியும் சேர்க்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. எழுத்து கோணல்மாணலாகப் போயிற்று.

"யாரு பக்கத்துல?" என்று கேட்டார் சுடலைமணி.

"யாரோ ஒரு மேடம், என்னமோ எழுதுதாவ" என்றாள் பேச்சியம்மாள்.

பபியோலா பேனாவை நிறுத்தினாள். "அண்ணாச்சி, நான்தான் அந்தப் பாடத்தை எழுதுனவ."

அவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள், திட்டினால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

"நல்லதாப் போச்சு மேடம், நீங்களே வந்துட்டிய" என்றார் சுடலைமணி. "ஒன்பதாம் பக்கத்தை மீறிட்டேன்னு கடுதாசில எழுதியிருக்காவ. ஒன்பதாம் பக்கத்துல மாஸ்க் போடத்தான சொல்லியிருக்கு? நான் போட்டுக்கிட்டுத்தான போனேன். இவளும் கடுதாசிய நாலு தடவை வாசிச்சுக் காட்டிட்டா. எல்லாரும் தப்பு தப்புங்காவ, என்ன தப்புன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ. நேத்து உள்ள கேட்டேன், கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லும்னுட்டாவ. நீங்களாவது சொல்லுங்க. நான் என்ன செஞ்சிருக்கணும்?"

அவள் மூலப் பாடத்தின் பிரதியைப் பையிலிருந்து எடுத்தாள். ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்து வாசித்தாள்.

"அம்மோனியா திரவமாகத் தரையில் தேங்கியிருந்தால் அதன் மேல் தண்ணீர் படவே கூடாது. பட்டால் அது கொதித்துக் கிளம்பி முகத்தில் அடிக்கும்."

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தாள். அவருடைய உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. மனப்பாடம் செய்கிற மாதிரி இருந்தது.

"ரெண்டு வரி" என்றார். மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "கேட்டியா பேச்சி, ரெண்டே ரெண்டு வரி. இதைத்தான் நான் ரெண்டு நாளா அந்த டேப்லெட்டுக்குள்ள தேடிக்கிட்டுக் கிடந்தேன்."

பேச்சியம்மாள் அதுவரை பபியோலாவின் முகத்தைப் பார்க்காமல்தான் இருந்தாள். இப்போது பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கமும் இல்லை, நன்றியும் இல்லை.

"எழுதுங்க மேடம்" என்றாள். "எம் புருஷன் தேடுனாருன்னு எழுதுங்க."